கயிறு பிடிக்க ஆள் எங்கே?

“சேவைன்னு வந்த பொறவு அதுக்கு என்ன அண்ணாச்சி கணக்கு?”

மரபு வாரக் கூட்டம் ஒன்று முடிந்து ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டது இது. பக்கத்து ஆதிச்சநல்லூர் அகழாய்வு இடத்துக்கு வருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் கல்லூரிப் பிள்ளைகள் தன்னார்வலர்களாக நின்று விளக்கம் சொல்லலாம் என்று மேடையில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். கைதட்டல் விழுந்தது. பிள்ளைகளுக்குப் பஸ் காசு யார் கொடுப்பது, மத்தியானச் சாப்பாடு எங்கே, அவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவது யார் என்று நான் எழுந்து கேட்டேன். சிரிப்பு விழுந்தது.

டீக்கடையில் கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கைக்காசு போட்டு பேனர் அடித்து, நாற்காலி வாடகை கொடுத்து, அந்தக் கூட்டத்தை நடத்தியவரே அவர்தான். ஆனால் தமிழ்நாட்டு மரபு ஆர்வலர் உலகம் முழுக்க நம்புகிற ஒரு கருத்து அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆர்வம் உள்ளவன் தானாக வருவான், வந்தவன் தானாகக் கற்றுக்கொள்வான், இதில் காசு, கையெழுத்து, விதி, மேற்பார்வை என்று எதை நுழைத்தாலும் ஆர்வம் பட்டுப்போகும் என்பது அது. அதிகாரிகளுக்கும் இந்தக் கருத்து பிடிக்கும். செலவில்லாத கருத்து என்பதால். இது தவறு, அதிலும் ஆதிச்சநல்லூர் போன்ற இடத்துக்குக் கேடு என்பதுதான் என் கட்சி.

ஆதிச்சநல்லூரின் பழங்காலப் புதைகாடு, ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்லும் சரளை மேடு, 114 ஏக்கர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை அதை ஒட்டியே போகிறது. 1876இல் ஜெர்மானியர் ஜாகர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அடுத்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல உருவங்களும் இரும்பு ஆயுதங்களும் சென்னை எழும்பூருக்குப் போயின. பிரெஞ்சுக்காரர் லூயி லாப்பிக் எடுத்தவை பாரிஸ் போயின. நூறு ஆண்டு கழித்து, 2004இல், இந்தியத் தொல்லியல் துறையின் டி. சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. 2020 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டில் ராகிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிராவோடு ஐந்தாவதாக ஆதிச்சநல்லூர் பெயரும் வாசிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 5 அன்று அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடி பதித்த தளக் காட்சியகத்தையும் திறந்தார்கள். பொருள் வெளியே போவதையே பார்த்துப் பழகிய ஊருக்குள் இப்போதுதான் பார்வையாளர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை எதிர்கொள்ள ஆள் வேண்டும். ஆகவே ‘தன்னார்வலர்கள்’ என்ற சொல் மேடைக்கு வந்துவிட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொருநை என்கிற தாமிரபரணிக் கரையில் இதுவரை நடந்த நல்லதில் பாதி, யாரும் கூலி கொடுக்காமல் நடந்ததுதானே என்பார்கள். உண்மை. 2004 அகழாய்வு முடிந்து ஆண்டுக்கணக்கில் அறிக்கை வராமல் கிடந்தபோது, எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் பொதுநல வழக்கோடு போனார். அங்கே கிடைத்தவற்றுக்கு அமெரிக்க ஆய்வகத்தில் கணித்த காலம் கி.மு. 905, கி.மு. 696 என்பது 2019இல் அந்த நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது. பக்கத்துச் சிவகளையில் ஒரு பள்ளி ஆசிரியர் மேற்பரப்பில் கண்ட தாழிகளைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூரைத் தோண்டிய சத்தியமூர்த்தியும் ஓய்வுக்குப் பிறகு ரீச் அறக்கட்டளையைத் தொடங்கி, சிதைந்த கோயில்களுக்காகத் தன்னார்வலர்களைத் திரட்டினார்.

இவர்களை வணங்குகிறேன். ஆனால் இந்த உதாரணங்கள் எதிர்த்தரப்புக்கு உதவவில்லை. வழக்குப் போடுகிறவருக்கு அவரே எசமான். காட்டில் தாழி தேடுகிற ஆசிரியர் தனக்கு ஒழிந்த ஞாயிற்றுக்கிழமை போவார், மழை பெய்தால் வீட்டில் இருப்பார். காட்சியகத்தின் கதை வேறு. அதன் கதவு, கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்குத் திறந்தாக வேண்டும். நாற்பது பிள்ளைகளோடு பள்ளிப் பஸ் சொல்லாமல் வந்து நிற்கும். அங்கே தேவைப்படுவது ஒரு மனிதரின் தவம் அல்ல. பல பேர் முறை வைத்துச் செய்கிற வேலை. தனியாள் சாதித்ததைக் காட்டி, நிறுவனத்தின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஒரு காட்சியகத்தில் தன்னார்வலனாக இருந்தேன். எந்த ஊர், எந்தக் காட்சியகம் என்பது வேண்டாம். முதல் வாரம் முழுக்க வாட்ச்மேன் தினமும் ‘யாருப்பா நீ’ என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார். என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஒரு ஊழியர் இரண்டு கூடைப் பானை ஓடுகளைக் காட்டி, “கழுவி வைங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கூடையையும் ஒரே தொட்டியில் கொட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் பரப்பினேன். ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரு சீட்டு இருந்தது. ஈரத்தில் நைந்திருந்ததால் குப்பையில் போட்டேன். எந்தக் குழி, எத்தனையாவது மண்ணடுக்கு என்று எழுதிய சீட்டுகள் அவை. சீட்டு போன ஓடு வெறும் ஓடுதான்; அதற்குக் காலமும் கிடையாது, இடமும் கிடையாது. சாயங்காலம் அந்த ஊழியர் வந்து பார்த்தார். திட்டவில்லை. தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. என்னை யாரும் தேடவும் இல்லை. என் ஆர்வத்தில் என்ன குறை இருந்தது? ஆர்வம் அதிகமாக இருந்ததால்தான் ஒரே நாளில் இரண்டு கூடையையும் முடித்தேன்.

ஆர்வம் மட்டும் போதாது என்பதை முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் வழக்கங்கள் இன்னும் பேச்சில் இருக்கின்றன. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்குவான். தோணியில் ஒருவன் கயிறு பிடித்திருப்பான். கீழேயிருந்து இழுப்பு வந்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கிறதே, கண் அயர்வானா? எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது பழைய கணக்கு. அந்த ஒரு பங்கிலும் கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டு. மூழ்குகிறவனின் தைரியத்தை மட்டும் நம்பி எந்தத் தோணியும் கடலுக்குப் போனதில்லை. நம் காட்சியகங்களோ கயிறே இல்லாமல் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எத்தனை பேர் இறங்கினார்கள் என்று மட்டும் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கின்றன.

கயிறு பிடிப்பது என்றால் என்ன? ஆதிச்சநல்லூரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. முதுமக்கள் தாழி என்றவுடன் நம் ஊர்களில் ஒரு கதை கிளம்பும். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராது, வயதாக வயதாகச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள், அவர்களை உயிரோடு தாழிக்குள் இறக்கி, பக்கத்தில் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள் என்ற கதை. என் பாட்டி இதைச் சொல்லித்தான் என்னைத் தூங்கவைத்தாள், அல்லது தூங்கவிடாமல் செய்தாள். கதையாகக் கேட்க அருமையானது. ஆனால் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் இதைச் சொன்னால், கேட்கிற நாற்பது பிள்ளைகளுக்கும் அது வரலாறு. தாழிகள் இறந்தோரைப் புதைத்தவை என்பதும், சிலவற்றில் உடல் மக்கியபின் எலும்பை மட்டும் எடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதும் அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? இன்னொரு பையன் குமரிக்கண்டத்திலிருந்து ஆரம்பித்து இருபதாயிரம் ஆண்டு என்பான். கி.மு. 905 என்ற எண் அவனுக்குப் போதவில்லை, கைதட்டலுக்கும் போதாது. ‘தம்பி, இது கதை, இது சான்று, இரண்டையும் சொல், ஆனால் கலக்காதே’ என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். சொல்லியும் கேட்காதவனை ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று அனுப்பும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். சம்பளமில்லாதவனை எப்படி நிறுத்துவது என்ற சங்கடத்திலேயே எத்தனையோ அமைப்புகள் தவறான ஆளைப் பத்து வருடம் சுமக்கின்றன.

விதி வைத்தால் ஆர்வம் சாகும் என்கிறார்களே, சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே 1978இல் தொடங்கிய அருங்காட்சியக நண்பர்கள் அமைப்பில் வழிகாட்டிகள் எல்லோரும் ஊதியமில்லாதவர்கள். லிட்டில் இந்தியாவின் இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் கதையைச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு. பல மாதப் பயிற்சி முடிக்காமல் ஒரு குழுவை அழைத்துப் போக விடமாட்டார்கள். அங்கே ஆர்வம் செத்துவிடவில்லை. சிங்கப்பூர் பணக்கார ஊர் என்று தள்ளுவீர்களானால், நம் திருப்புல்லாணிக்கு வாருங்கள். அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பிள்ளைகள் கல்வெட்டு வாசிக்கப் பழகினார்கள். ஒரு ஆசிரியர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததால் வந்த விளைவு அது. ‘மரபைக் காப்போம்’ என்று உறுதிமொழி வாசித்ததால் வந்ததல்ல.

மதுரைத் திட்டத்தை எடுத்து வீசுவார்கள் என்று தெரியும். 1998 பொங்கலில் தொடங்கியது. ஒரு பைசா கூலி இல்லாமல் உலகெங்கும் இருந்து தமிழர்கள் தட்டச்சு செய்து பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். சரிதான். அந்தக் கோப்புகளில் எதையாவது திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். தட்டியவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று பெயர் இருக்கும். ஒருவர் தட்டியதை இன்னொருவர் சரிபார்க்கும் முறை இருந்தது, வேலையைப் பிரித்துக் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஒருங்கிணைப்பாளரும் இருந்தார். அந்தப் பெயரும் அந்த முறையும்தான் அங்கே கயிறு. யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரத்தை மறக்காத ஈழத்தவர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் தன்னார்வலர்களால் பிறந்ததுதான். ஆவணங்கள் பெருகப் பெருக அவர்களும் சம்பள ஊழியர்களை அமர்த்தினார்கள். வருடி எடுக்கும் வேலை தினசரி வேலை. ஓய்வு நேரத்தில் முடிவதில்லை. அதனால் அவர்களின் தியாகம் மாசுபட்டதாக யாரும் சொல்லவில்லை.

இனி காசு. காசு கொடுத்தால் சேவை கெடும் என்பது சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் சொல்கிற தத்துவம். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஆதிச்சநல்லூருக்கு 24 கிலோமீட்டர் வந்து போக ஒரு மாணவனுக்குப் பஸ் காசு, சாப்பாடு, அன்று விட்டுப்போன பகுதிநேர வேலையின் கூலி எல்லாம் செலவுதான். (மாணவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, மாநில அரசு தெரியாமலே மரபுப் பணிக்குச் செய்த உதவி அது.) இந்தச் செலவைத் தாங்கக்கூடியவன்தான் தன்னார்வலன் ஆக முடியும் என்றால், காட்சியகத்தின் குரலும் அவன் குரலாகவே இருக்கும். அமெரிக்காவில் சிகாகோ கலை நிறுவனம் 2021இல் தன் எண்பதுக்கும் மேற்பட்ட ஊதியமில்லா வழிகாட்டிகளை ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டது, பல்லாண்டு உழைத்தவர்களை. வசதியும் ஓய்வும் உள்ளவர்கள் மட்டுமே அந்த இடத்துக்கு வர முடிகிறது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அனுப்பிய விதம் அநாகரிகம் என்றே நினைக்கிறேன். கண்டறிந்த நோய் மட்டும் உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதிலும் எனக்குப் பயம் இருக்கிறது. ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்துவிட்டு முழுநேர வேலை வாங்கும் வித்தையை இந்த நாடு நன்றாகக் கற்றிருக்கிறது. கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். அவர்களுக்கு ஏட்டில் என்ன பெயர் என்றும் பாருங்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு 2021 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். குறைவுதான், ஆனால் செலவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட தொகை. என் அளவுகோல் எளியது. அந்த ஆள் வராவிட்டால் கதவு திறக்காது, குழி காவலற்றுக் கிடக்கும் என்றால் அது வேலை. சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர் வந்தால் பார்வையாளருக்கு இன்னும் கொஞ்சம் நல்லது நடக்கும் என்றால் அது தொண்டு. அதற்குச் செலவுப் பணமும் மரியாதையும் போதும். இந்தக் கோட்டைத் தெரிந்தே அழிப்பவர்கள்தான் சேவைக்குக் கணக்கு எதற்கு என்கிறார்கள்.

ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. தமிழ்நாட்டில் எந்த அகழாய்வுக் குழியிலும் மண் அள்ளுவது பக்கத்து ஊர் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், தினக்கூலிக்கு. ஒரு பருவம் தூரிகையும் கொத்துக்கரண்டியும் பிடித்த பெண்ணுக்கு, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று விரல் நுனியில் தெரியும். தாழியின் விளிம்பு தட்டுப்பட்டால் கை தானாக நிற்கும். அகழாய்வு முடிந்ததும் அவள் வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிடுகிறாள். பிறகு விளக்கம் சொல்ல நகரத்திலிருந்து ஆள் தேடுகிறோம். கேட்டால், ‘உள்ளூர்க்காரர்களுக்கு இதில் அக்கறை இல்லை’ என்பது பதில்.

அக்கறையா? 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் எண்ணூறு பேர் போல ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தில் நின்றது. ஆதிச்சநல்லூருக்கு அந்த நிலையம் பக்கம்தான். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, ஹெலிகாப்டர் வர நேரமாயிற்று. புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீடுகளிலும் தண்ணீர் இருக்கும்போதே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் உறுதிமொழி வாங்கவில்லை. இந்த ஊரில் தன்னார்வத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல எவருக்கும் வாய் கூசவேண்டும். ஆனால் வெள்ளத்தில் நீளும் கை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நீளும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். இரண்டு நாள் அவசரத்துக்கு மனசு போதும். இருபது வருடத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

ஊர்க்காரர் விலகி நிற்பதற்கு நம் சட்டமும் ஒரு காரணம். ஜாகர் தோண்டிப்போன இரண்டாம் ஆண்டு, 1878இல், புதையல் சட்டம் வந்தது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் சிறை. சட்டம் நியாயமானதுதான். நடைமுறையில், பானையோ காசோ கண்டு சொன்னவன் முதலில் பதில் சொல்ல வேண்டியவனாகிறான். எங்கே தோண்டினாய், வேறு என்ன எடுத்தாய்? மரபுப் பணியின் முதல் தன்னார்வலன், உழும்போது ஓடு தட்டுப்பட்டு ஏரை நிறுத்துகிறவன்தான். அவனைச் சந்தேகத்தோடு வரவேற்றுவிட்டு, பட்டணத்துப் பையனுக்குச் சால்வை போர்த்துகிறோம்.

பணம் எங்கே என்பார்கள். கண்ணாடித் தளத்துக்கு இருந்தது. அடிக்கல் விழாப் பந்தலுக்கு இருந்தது. நான் கேட்பது ஒரே ஒரு சம்பளம். ஆதிச்சநல்லூர், கருங்குளம், புதுக்குடி வட்டாரத்தில் பிறந்த, அகழாய்வுக் குழியில் வேலை பார்த்த ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளராக அமர்த்துங்கள். யார் எந்த ஞாயிறு வருகிறார்கள் என்ற முறைப் பதிவேடு, பஸ் காசுக்கு ஒரு சிறு நிதி, குழியோரம் பிள்ளை தவறி விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற சீட்டு, கதையையும் சான்றையும் பிரித்துச் சொல்லும் ஒரு மாதப் பயிற்சி, எல்லாம் அவர் பொறுப்பு. விலகிப் போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்பதும் அவர்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் குப்பையில் போட்ட அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

இந்த நியமனம் நடக்காமல் ‘தன்னார்வலர்கள் தேவை’ என்று ஒரு அறிவிப்பு வந்தால், மாணவர்களுக்கு நான் சொல்வது: போகாதீர்கள். பெற்றோர்களுக்கும் அதையே சொல்வேன்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆதிச்சநல்லூர் போனால், பரம்பின் ஓரத்தில் ஆடு மேய்க்கிறவரோ, முன்பு குழியில் மண் அள்ளியவரோ, கூப்பிடாமலே வந்து நாலு வார்த்தை சொல்வார். நின்று கேளுங்கள். போகும்போது அவர் பெயரையும் கேட்டு, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், “விளக்கம் சொன்னவர்” என்று போட்டு எழுதிவிட்டு வாருங்கள்.